கூரையை முட்டிய கிறிஸ்துமஸ் மரம்

பல் டாக்டரிடம் யாரும் சந்தோஷமாக வருவதில்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, திருடிவிட்டுப் பிடிபட்டவர்கள் மாதிரி உள்ளே நுழைவார்கள். அவர்கள் முதலில் பார்க்கிற முகம் கொஞ்சம் தெம்பூட்டுகிற முகமாக இருக்கட்டும் என்றுதான் இருபது வருஷத்துக்கு முன்னால் பெரிய டாக்டர் டோக்கன் அக்காவை வேலைக்கு வைத்தார். அக்காவின் பல்வரிசை விளம்பரப் பலகைச் செலவை மிச்சம் பிடித்துக் கொடுத்தது இரண்டாவது காரணம். அதை டாக்டர் வெளியில் சொன்னதில்லை.

டோக்கன் கொடுப்பவர் என்பதால் டோக்கன் அக்கா. எழுபது வயதுக்காரரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். பல் வலி வந்துவிட்டால் யாருக்கும் வயது நினைவிருக்காது.

அக்காவின் மேஜைக்கு வலது பக்கம் கிழக்கு பார்த்த ஜன்னல். ஜன்னலோரம் ஒரு தொட்டி. தொட்டியில் அந்தக் கிறிஸ்துமஸ் மரம்.

அது கடையில் வாங்கி மாட்டுகிற பிளாஸ்டிக் சங்கதி இல்லை, உயிருள்ள மரம். குடையை விரித்து அடுக்கியதுபோல் ஒவ்வொரு தட்டாகக் கிளை விட்டு மேலே போகும். ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு டிசம்பரில், எதிர்க் கட்டடத்துக் கண் ஆஸ்பத்திரிக்காரர்கள் வாசலில் விளக்கு போட்டதைப் பார்த்து ரோஷம் வந்து பெரிய டாக்டர் வாங்கிவந்தது. அப்போது அதற்கு நாலே தட்டு; அக்காவின் முழங்காலைவிடக் கொஞ்சம் உயரம். ஜனவரி முதல் வாரத்தில், "பண்டிகை முடிஞ்சுதேம்மா, இதைத் தூக்கி வெளில வெச்சிடு," என்றார். "அடுத்த வாரம் வெச்சிடறேன் டாக்டர்," என்றார் அக்கா. அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை.

முதல் வருஷம் மரம் பிழைத்ததே பெரிய விஷயம். அதைக் கொல்ல யாரும் சதி செய்யவில்லை. எல்லோரும் அன்பு காட்டினார்கள், அவ்வளவுதான். காத்திருக்கிற நேரத்தில் மனிதனுக்குக் கை சும்மா இருக்காது. பாட்டிலில் மீந்த தண்ணீரை ஆளுக்குக் கொஞ்சம் தொட்டியில் ஊற்றினார்கள். ஒரு நாளைக்கு நாற்பது நோயாளி என்றால் நாற்பது முறை மழை. வேர் அழுகப் பார்த்தது. அக்கா ஒரு அட்டையில் எழுதி மாட்டினார்: "நான் குடித்தாயிற்று. நன்றி. இப்படிக்கு, மரம்." அதற்கப்புறம் மழை நின்றது. ஒரே ஒரு பெரியவர் மட்டும் அட்டையைப் படித்துவிட்டு, "எப்பக் குடிச்சுது?" என்று விசாரித்தார்.

அக்காவே மெல்ல மெல்லக் கண்டுபிடித்த முறை இது: விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பார். ஈரம் தட்டினால் அன்றைக்குப் பட்டினி. காய்ந்திருந்தால் அடித் துளை வழியாக வழிகிற வரை தண்ணீர், பிறகு தொட்டிக்கு அடியில் வைத்த தாம்பாளத்தில் தேங்கியதை உடனே கொட்டிவிடுவார். திங்கட்கிழமை காலையில் கிளினிக்கைத் திறந்ததும் தொட்டியைக் கால் வட்டம் திருப்புவார். இல்லாவிட்டால் மரம் ஜன்னல் பக்கமே சாய்ந்து தெருவை வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிடும். ஏசிக் காற்று நேராகப் படக்கூடாது. அதற்காக ஏசியின் வாயில் ஒரு எக்ஸ்ரே ஃபிலிமை ஒட்டிவைத்தார். யாருடைய கடைவாய்ப் பல்லோ ஒன்பது வருஷமாக அந்த மரத்துக்குக் குளிர் படாமல் காத்துக்கொண்டிருக்கிறது. மாதம் ஒரு தடவை ஈரத்துணியால் கிளை கிளையாகத் தூசி துடைப்பார். டிசம்பர் வந்தால் பஞ்சு உருளைகளைப் பிரித்து வெள்ளையாகத் தூவி, காகிதத்தில் செய்த லேசான சாமான்களை மட்டும் மாட்டுவார். நட்சத்திரம் நுனியில் ஏறவே கூடாது. அது கூரைக் கொக்கியிலிருந்து நூலில் தொங்கும். பார்ப்பவர்களுக்கு நுனியில் இருப்பது போலத் தெரியும்.

ஜாக்கிரதை இவ்வளவு கூடிப்போனதற்குக் காரணம் ஒரு விபத்து. ஆறு வருஷத்துக்கு முன் துப்புரவு வேலைக்குப் புதிதாக ஒரு அம்மாள் சேர்ந்தார். எதைத் தொட்டாலும் ஸ்பிரிட் போட்டுத் துடை என்று கிளினிக்கில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்த அம்மாளும் நாற்காலி, மேஜை, கதவுப் பிடி, போன் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, கிருமி மரத்தை மட்டும் விட்டுவைக்குமா என்ற நியாயமான சந்தேகத்தில், அடித்தட்டுக் கிளைகளையும் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்தார். மூன்றே வாரத்தில் அந்தத் தட்டு முழுக்கப் பழுப்பாகி உதிர்ந்தது. பல் கிளினிக் தவிர வேறெங்கும் ஒரு மரத்துக்கு இந்தச் சாவு வந்திருக்காது. உதிர்ந்த இடத்தில் மறுபடி துளிர்க்கும் என்று அக்கா வருஷக் கணக்கில் குனிந்து குனிந்து பார்த்தார். துளிர்க்கவே இல்லை. இந்த மரத்தில் போனது போனதுதான் என்பது அப்போது புரிந்தது. நர்சரிக்காரரிடம் விசாரித்தபோது அவர் இன்னொன்றும் சொன்னார்: "கிளை போனாக்கூடப் பரவால்லம்மா. நுனியை மட்டும் விட்டுடாதீங்க. நுனி போச்சுன்னா அதுக்கு அப்புறம் மேல போற வழியே மறந்துடும்."

வருஷத்துக்கு ஒரு தட்டு. அக்காவுக்கு அதுதான் காலண்டர். மகளுக்குக் கல்யாணம் ஆனது ஏழாம் தட்டு. முழங்கால் வலி ஆரம்பித்தது ஒன்பது. பெரிய டாக்டரின் மகள் படிப்பு முடித்து, பல்லுக்குக் கம்பி கட்டுகிற டாக்டராக அதே கிளினிக்கில் வந்து உட்கார்ந்தது பன்னிரண்டு. பயந்து நடுங்குகிற நோயாளிகளிடம் அக்கா, "மரத்துல எத்தனை தட்டு இருக்குன்னு எண்ணிட்டு இருங்க, கூப்பிடறேன்," என்பார். எண்ணி முடிப்பதற்குள் முக்கால்வாசிப் பேருக்கு நடுக்கம் போய்விடும். எண்ணிக்கை மட்டும் ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாது. வலியில் இருக்கிறவனின் கணக்கை யார் தப்பு சொல்வது?

பதின்மூன்றாம் தட்டு விட்ட வருஷம்தான் வினை வந்தது.

சின்ன டாக்டருக்குக் கிளினிக்கின் தோற்றம் பிடிக்கவில்லை. ஏசிக் குழாய்கள் வெளியில் தெரிகின்றன, சுவரெல்லாம் பழைய பல்லின் நிறத்தில் இருக்கிறது என்றார். ஒரு இன்டீரியர்காரர் வந்தார். கறுப்புச் சட்டை, காதில் பென்சில், எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிற ஆள். ஃபால்ஸ் சீலிங் போடலாம், சதுரப் பலகைகள், நடுநடுவே விளக்கு, குழாயெல்லாம் மேலே மறைந்துவிடும் என்றார். எட்டடியில் சீலிங் வரும். வேலை டிசம்பருக்குள் முடியும்.

எல்லாம் சரி. போகும்போது மரத்தைப் பார்த்து ஒரு கண்ணை மூடினார்.

"இதை மட்டும் ஒரு அடி குறைச்சிடணும்."

குறைப்பதற்கு அது என்ன சம்பளமா என்று அக்கா கேட்க நினைத்தார். கேட்கவில்லை. வரும் சனிக்கிழமை மதியம், கிளினிக் மூடினதும், தச்சர் ரம்பத்தோடு வருவார் என்று முடிவாயிற்று. சின்ன டாக்டரும் தலையாட்டிவிட்டார். வெட்டினால் அடர்த்தியாக வளரும் என்று இன்டீரியர்காரர் சொன்னதை அவர் நம்பியிருந்தார். ரோஜாச் செடிக்கு அது உண்மை. இந்த மரத்துக்கு அது தலையை வெட்டினால் மூளை வளரும் என்பது மாதிரி.

அக்கா முதலில் போனது பெரிய டாக்டரிடம். அவர் முப்பது வருஷமாக அடுத்தவர் வாயைத் திறக்க வைத்தவர். மகள் விஷயத்தில் மட்டும் தன் வாயைத் திறப்பதில்லை. "அலங்காரமெல்லாம் பாப்பா டிபார்ட்மெண்ட்ம்மா," என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கையை மறுபடி கழுவப் போனார்.

வீட்டில் அக்காவின் கணவர் சட்டைக் கடையில் கட்டிங் மாஸ்டர். விஷயத்தைக் கேட்டதும் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எங்கிட்ட விடு, தையலுக்கு அரை இஞ்ச் விட்டு நேர்த்தியா வெட்டித் தர்றேன்," என்றார். அக்கா குழம்புக் கிண்ணத்தை அவர் கைக்கெட்டாத தூரத்துக்கு நகர்த்தினார். அவர் உடனே சமாதானத்துக்கு வந்தார்.

"அந்த மரத்துக்குக் குடுக்கற கவனிப்புல பாதி எனக்குக் கிடைச்சிருந்தா நானும் எட்டடி வளர்ந்திருப்பேன். சரி, சரி, முறைக்காத. நாளைக்கு வந்து அளக்கறேன். அளக்காம வெட்டறவன் எந்தத் தொழில்ல இருந்தாலும் உருப்பட மாட்டான்."

மறுநாள் கழுத்தில் டேப்போடு வந்தார். நாற்காலி மேல் ஏறி நின்று, மரத்துக்கு ஜிப்பா தைக்கப் போகிறவர் மாதிரி பல இடத்தில் அளந்தார். இடுப்பளவு கூட எடுத்தார். எதற்கென்று அவருக்கே தெரியாது, கைப்பழக்கம். காத்திருந்த நோயாளிகள் வலியை மறந்து பார்த்தார்கள். தரையிலிருந்து நுனி வரை எட்டடி ஐந்து அங்குலம். தொட்டிக்கு அடியில் இருக்கும் மரச் சட்டம் நாலு அங்குலம். அதை உருவிவிட்டால் எட்டடி ஒரு அங்குலம்.

"ஒரே ஒரு இஞ்ச்," என்றார் கட்டிங் மாஸ்டர். "ஒரு இஞ்சுக்காக ஒரு அடியை வெட்டச் சொல்றானே, அவன் என்ன ஆளு? எங்க கடைல இப்படி வெட்டினா காலர் இருக்க வேண்டிய இடத்துல பாக்கெட் வந்துடும்."

ஆனால் ஒரு அங்குலமானாலும் அதிகம் அதிகம்தான். மரத்தைக் குனியச் சொல்ல முடியாது. வராந்தாவுக்குக் கொண்டுபோகலாமா என்றால் அங்கே வெளிச்சமில்லை. வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்றால் அக்காவின் வீட்டில் இருந்த ஒரே ஜன்னல் அடுத்த வீட்டுக்காரரின் சுவரைப் பார்த்தது. பெரிய தொட்டியைக் குட்டைத் தொட்டியாக மாற்றலாமா என்றால் வேரை வெட்ட வேண்டும், அதுவும் வெட்டுதான். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அக்கா மரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் டோக்கன் எண்களை இரண்டு முறை தப்பாகக் கூப்பிட்டார். பதினெட்டாம் நம்பருக்குப் பதில் உள்ளே போன இருபத்தொன்று, டோக்கன் மனைவிக்கு, தான் வந்தது துணைக்கு மட்டும்தான் என்று விளக்குவதற்குள் அவர் வாயில் கண்ணாடி போயிருந்தது.

சனிக்கிழமை வந்தது. ஹால் முழுக்கச் சீலிங்கின் அலுமினியச் சட்டங்கள் ஏறியிருந்தன. ஜன்னலோரம் மட்டும் பாக்கி. தச்சர் ரம்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். கடைசி நோயாளி மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து, ஊசி போட்ட கன்னம் மரத்துப்போகக் காத்திருந்தார். அக்கா நேராகச் சின்ன டாக்டரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நோயாளிகள் எதிரில் அவரை டாக்டர் என்பார். கதவு சாத்தியிருந்தால் பாப்பா. யூனிஃபார்மும் ரெட்டைப் பின்னலுமாக அக்காவின் மேஜைக்கடியில் ஒளிந்து விளையாடிய பாப்பா.

"பாப்பா, ரெண்டு நிமிஷம் வந்து ஒண்ணு பாரு."

கையைப் பிடித்து அழைத்துவந்து மரத்தடியில் குனிய வைத்தார். தண்டின் அடியில் வட்டமாக ஐந்தாறு வடு. ஸ்பிரிட் துடைத்த கிளைகள் உதிர்ந்த இடம்.

"ஆறு வருஷம் ஆச்சு. உரம் வெச்சேன், தண்ணி வெச்சேன், கெஞ்சிக் கூடப் பாத்தேன். ஒரு துளிர் வரல. நுனியை வெட்டினாலும் இதே கதைதான். வெட்டினா முளைக்க இது பால்பல் இல்ல பாப்பா. விழுந்தா விழுந்ததுதான்."

சின்ன டாக்டர் குனிந்தபடியே இருந்தார். தினமும் பத்துப் பேரிடமாவது, பிடுங்குவது கடைசி வழி, அதற்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது என்று பொறுமையாக விளக்குகிறவர். இன்றைக்கு அதை அவருக்கே ஒருவர் விளக்கும்படி ஆகிவிட்டது. வடுவை விரலால் தடவிப் பார்த்தார். பழக்க தோஷத்தில் லேசாகத் தட்டியும் பார்த்தார்.

"அப்ப என்னக்கா பண்றது? சீலிங் ஏத்தியாச்சே."

"ஏசில தண்ணி ஒழுகினா மெக்கானிக் என்ன பண்ணுவான்னு உங்க இன்டீரியர்காரர் தச்சர்கிட்ட சொல்லிட்டு இருந்தாரு. பலகையை ஒத்தைக் கையால தள்ளி எடுத்துடலாமாம், எந்தப் பலகையும் ஒட்டறது இல்லயாம். அப்படின்னா மரத்துக்கு மேல ஒரே ஒரு பலகையைப் போடாம விடச் சொல்லு."

இன்டீரியர்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் ஒரு கண்ணை மூடி மேலே பார்த்தார். பிறகு இரண்டு கண்ணையும் மூடினார், அவ்வளவு வேதனை.

"மேடம், வரிசையா வெள்ளைப் பலகை, நடுவுல ஒண்ணு மட்டும் காணோம்னா எப்படி இருக்கும் தெரியுமா? பல்லு போன வாய் மாதிரி இருக்கும். அதுவும் ஒரு பல் கிளினிக்ல."

தச்சர் டீ குடித்து முடித்துப் படியேறி வருகிற செருப்புச் சத்தம் கேட்டது.

சின்ன டாக்டர் நிமிர்ந்தார்.

"சின்னப் பசங்களுக்குப் பால்பல் சீக்கிரமே விழுந்துட்டா நாங்க என்ன செய்வோம் தெரியுமா சார்? பக்கத்துப் பல்லெல்லாம் சாஞ்சு வந்து இடத்தை அடைச்சுக்காம இருக்க ஒரு கம்பி போடுவோம். கீழ இருந்து வரப் போற பல்லுக்கு இடம் பிடிச்சு வைக்கற கம்பி. என் தொழிலே அதுதான். அந்தப் பலகை போடாதீங்க. சுத்தி நல்லா ஒரு சட்டம் அடிங்க, உள்ள ஒரு விளக்கு வைங்க. அது பல்லு போன இடம் இல்ல, பல்லு வரப் போற இடம்."

இன்டீரியர்காரர் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். மறுபடி வைத்தார். பெரிய டாக்டர் கை கழுவுகிற இடத்திலிருந்து எட்டிப் பார்த்து, "நான் அப்பவே சொல்ல நினைச்சேன்," என்றார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் மரம் இன்னும் தப்பிக்கவில்லை. அடியிலிருந்த மரச் சட்டத்தை உருவித் தொட்டியைத் தரையில் இறக்கி வைத்தபோது, பலகை போடாமல் விடப்போகிற சதுரத்துக்கு நேர் கீழே நிற்காமல் நுனி ஒரு முழம் தள்ளி நின்றது. ஏற்கெனவே ஏறியிருந்த கடைசி அலுமினியச் சட்டம் நுனிக்கும் அந்தச் சதுரத்துக்கும் நடுவே ஓடியது. எனவே தொட்டியை நகர்த்த வேண்டும். ஒன்பது வருஷ மண், ஒன்பது வருஷ வேர். தச்சர் ஒரு பக்கம், கட்டிங் மாஸ்டர் ஒரு பக்கம் (அன்றைக்கு மட்டும் அவர் சட்டைக் கடை அரை நாள், அப்படித்தான் முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்), பின்னால் இன்டீரியர்காரர். அக்கா முன்னால் நின்று தொட்டியையும் தரையையும் பார்த்து, "மெதுவா, மெதுவா," என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் கீழே பார்த்தார்கள். மேலே பார்த்தவர் ஒரே ஒருவர், ஊசி போட்டுக்கொண்டு காத்திருந்த அந்தக் கடைசி நோயாளி.

நுனி சட்டத்தில் மாட்டி வில்லாக வளைந்திருந்தது. இன்னும் அரை அடி தள்ளினால் முறிந்திருக்கும்.

அவர் கத்தப் பார்த்தார். பாதி வாய் அவர் வசத்தில் இல்லை. நாற்காலியிலிருந்து பாய்ந்து வந்து இன்டீரியர்காரரின் கறுப்புச் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்து, மேலே கையைக் காட்டினார். தள்ளுவது நின்றது. அக்கா நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததும் முழங்கால் வலியெல்லாம் மறந்து நாற்காலி மேல் ஏறி நின்று, இரண்டு விரலால் நுனியை மெல்லக் கீழே வளைத்து, சட்டத்துக்கு அந்தப் பக்கம் விடுவித்தார். விட்டதும் அது நிமிர்ந்து, லேசாக ஆடி, திறந்த சதுரத்துக்கு நடுவில் போய் நின்றது. ஒரு முள் கூட உதிரவில்லை.

அக்கா நாற்காலியிலிருந்து இறங்கினார். சட்டையைப் பிடித்து இழுத்தவரிடம் போய், "உங்க நம்பர் எத்தனை?" என்று கேட்டார். அவர் டோக்கனைக் காட்டினார். முப்பத்தெட்டு. அக்கா அந்த டோக்கனை வாங்கி, ஈரத்துணியால் துடைத்து, தொட்டி மண்ணில் குத்தி வைத்தார். எண் பலகை மாட்டிய தோட்டத்து மரம் மாதிரி அது இன்றும் அங்கேயே இருக்கிறது. முப்பத்தெட்டாம் நம்பர் அந்தக் கிளினிக்கில் அதற்கப்புறம் யாருக்கும் கிடைப்பதில்லை; முப்பத்தேழுக்கு அப்புறம் முப்பத்தொன்பதுதான்.

டிசம்பரில் புதுக் கிளினிக் திறந்தார்கள். வெள்ளை வெளேரென்று சீலிங், அதில் ஒரே ஒரு சதுரம் திறந்து, உள்ளே இளமஞ்சள் வெளிச்சம், அந்த வெளிச்சத்துக்குள் மரத்தின் நுனி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நட்சத்திரம் சதுரத்தின் விளிம்பிலிருந்து நூலில் தொங்கியது. வந்தவர்கள் எல்லோரும் முதலில் மேலே பார்த்தார்கள். வாய் தானாகத் திறந்தது. டாக்டர்களுக்குப் பாதி வேலை மிச்சம். எதிர்க் கட்டடத்துக் கண் ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று பேர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனதில் பெரிய டாக்டருக்குப் பரம திருப்தி. இன்டீரியர்காரர் அந்த இடத்தை ஐந்தாறு கோணத்தில் படம் எடுத்துக்கொண்டு போனார். அடுத்த மாதம் அவருடைய விளம்பரத் தாளின் முதல் பக்கத்தில் அதே படம் வந்தது. கீழே, இயற்கையோடு இணைந்த எங்கள் வடிவமைப்பு என்று போட்டிருந்தது. அக்கா அந்தத் தாளை மடித்து ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் வைத்தார்.

கட்டிங் மாஸ்டர் மறுபடி டேப்போடு வந்து புது நிலவரத்தை அளந்தார். நுனிக்கும் பழைய கான்கிரீட் கூரைக்கும் நடுவில் ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் குறைச்சல். வருஷத்துக்கு ஏழு அங்குலம் வளர்கிறது. உரத்தைப் பாதியாகக் குறைத்துப் பத்தியம் போட்டால் ஆறு, ஐந்து. "மூணு வருஷம் தாங்கும்," என்றார். "அதுக்கு மேல கான்கிரீட். பலகை மாதிரி ஒத்தைக் கையால தள்ள முடியாது, சொல்லிட்டேன்."

அக்கா அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்தார். மேல் மாடியில் ஆடிட்டர் ஆபீஸ். அதற்குப் பின்னால் ஒரு மொட்டை மாடி, காலி நாற்காலி இரண்டு, கொடிக்கயிறு ஒன்று, அதற்கு மேலே முட்டுவதற்கு எதுவுமே இல்லை.

அடுத்த வாரம் ஆடிட்டர் கடைவாய்ப் பல்லில் சொத்தை என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். ஹாலில் பதினாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா எழுந்து நின்று அவருக்கு நாற்காலி போட்டார். ஃபேனை அவர் பக்கம் திருப்பினார். வெதுவெதுப்பாகத் தண்ணீர் வரவழைத்தார். பதினாறு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததாக உள்ளே போகிற டோக்கனை அவர் கையில் வைத்தார்.

"எனக்கு மட்டும் என்னம்மா இவ்வளவு கவனிப்பு?" என்றார் ஆடிட்டர், கொஞ்சம் கலங்கிப் போய்.

"என்ன சார், ஒரே கட்டடம், இதுகூடச் செய்ய மாட்டோமா," என்று அக்கா பல்வரிசை முழுக்கத் தெரியச் சிரித்தார். "ஆமா, உங்க மொட்டை மாடில காலை வெயில் எத்தனை மணிக்கு வரும்?"